வயல்வெளிக்கு வந்த பத்தாயிரம் கோடி டாலர்

நியூயார்க் என்ற பெயரைக் கேட்டதும் மன்ஹாட்டனின் வானளாவிய கட்டடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்தப் பெருநகரத்துக்கு வடக்கேயும் மேற்கேயும் விரிந்து கிடக்கும் மாநிலத்தின் முகம் முற்றிலும் வேறு. பால்பண்ணைகளும் ஆப்பிள் தோட்டங்களும் ஏரிகளும் மூடப்பட்ட தொழிற்சாலைகளும் நிறைந்த நிலப்பரப்பு அது. அதன் நடுப்பகுதியில், சிரக்யூஸ் நகரையொட்டி வடக்கே இருக்கிறது கிளே என்னும் ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கு வசிப்போர் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர்.

இந்தச் சிற்றூரில்தான் மைக்ரான் நிறுவனம் அடுத்த இருபதாண்டுகளில் 10 ஆயிரம் கோடி டாலர் வரை முதலீடு செய்து, கணினி நினைவகச் சிப்புகளைத் தயாரிக்கும் நான்கு ஆலைகளை அமைக்கப் போவதாக 2022 அக்டோபரில் அறிவித்தது. 2026 ஜனவரியில் அதற்கான தொடக்க விழாவும் நடந்தேறியது. உலகின் கவனத்தை ஈர்த்திருக்கும் இந்த ஊரின் கதையை வெறும் தொழில் வளர்ச்சிக் கதையாக மட்டும் என்னால் பார்க்க இயலவில்லை. விவசாய ஊர் புறநகராகி, புறநகர் தொழில் நகராகும்போது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

கிளேயின் நிலம் கைமாறுவது இது முதல் முறையன்று. அது ஒனண்டாகா பூர்வகுடி மக்களின் மண். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின்னர், அம்மக்களிடமிருந்து பெறப்பட்ட பரந்த நிலப்பரப்பு துண்டு துண்டாக அளக்கப்பட்டு, போரில் பங்கேற்ற வீரர்களுக்கு ஊதியத்துக்கு ஈடாக வழங்கப்பட்டது. சிசரோ என்ற ஊரிலிருந்து 1827-இல் தனியாகப் பிரிக்கப்பட்ட இவ்வூருக்கு, அக்கால அரசியல் தலைவர் ஹென்றி கிளேயின் பெயர் சூட்டப்பட்டது. செனகா ஆறும் ஒனைடா ஆறும் கலந்து ஆஸ்விகோ ஆறாக உருவெடுக்கும் முக்கூடல் இவ்வூரின் எல்லையில்தான் இருக்கிறது. நீர்வளமும் சமவெளியும் இருந்ததால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வேளாண்மையே கிளேயின் வாழ்வாக இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறியது. சிரக்யூஸில் ஜெனரல் எலக்ட்ரிக், கேரியர் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தன. வீட்டுக்கடன் எளிதாகக் கிடைத்தது, நெடுஞ்சாலைகள் வந்தன. நகருக்குள்ளேயே, 81-ஆம் எண் நெடுஞ்சாலைக்கான மேம்பாலமும் நகரச் சீரமைப்புத் திட்டங்களும் கறுப்பின மக்கள் வாழ்ந்த 15-ஆவது வார்டைச் சிதைத்தன. அதே நெடுஞ்சாலை, வசதியுள்ள குடும்பங்களைப் புறநகருக்கு அழைத்துச் சென்றது. 1950-இல் சுமார் 2.2 லட்சமாக இருந்த சிரக்யூஸின் மக்கள்தொகை, 2020-இல் 1.48 லட்சமாகச் சுருங்கியது. நகரம் இழந்ததில் கணிசமான பங்கைக் கிளே போன்ற ஊர்கள் பெற்றன. சோளக்கொல்லைகள் வீட்டுமனைகளாயின.

பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கேரியர் நிறுவனம் இருபதாண்டுகளுக்கு முன்பே அங்கு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. கிளேயின் பெருமிதமாக 1988-இல் திறக்கப்பட்ட 'கிரேட் நார்தர்ன்' வணிக வளாகம், மைக்ரானின் அறிவிப்பு வந்த அதே 2022-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. இந்தப் பின்னணியில் பார்த்தால், சுமார் 9 ஆயிரம் நேரடி வேலைவாய்ப்புகளும், அவற்றைச் சார்ந்து ஏறத்தாழ 40 ஆயிரம் வேலைவாய்ப்புகளும் உருவாகும் என்ற வாக்குறுதியை அம்மக்கள் ஆவலோடு வரவேற்றதில் வியப்பில்லை. பிள்ளைகள் வேலை தேடி வேறு மாநிலங்களுக்குச் செல்வதைப் பல்லாண்டுகளாகக் கண்டு சலித்தவர்கள் அவர்கள்.

ஆனால், வாக்குறுதிக்கு ஈடாக அரசு தருவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நியூயார்க் மாநிலம் மட்டும் 550 கோடி டாலர் வரை சலுகை அளிக்கிறது. 2022-இல் நிறைவேறிய சிப் உற்பத்திச் சட்டத்தின் கீழ், நியூயார்க், ஐடஹோ ஆகிய இரு மாநிலங்களின் ஆலைகளுக்காக மத்திய அரசு 600 கோடி டாலருக்கும் மேல் மானியம் ஒதுக்கியது. சொத்துவரிச் சலுகை தனி. அமெரிக்காவில் பள்ளிகளும் உள்ளூர்ச் சேவைகளும் பெரிதும் சொத்துவரியை நம்பியே இயங்குகின்றன. புதிதாக வரும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு வகுப்பறைகள் கட்ட வேண்டிய சுமை உள்ளூர் வரி செலுத்துவோர் மீது விழுமானால், வளர்ச்சி என்பது சிலருக்கு வரவாகவும் பலருக்குச் செலவாகவும் முடியும்.

நிலத்தின் கணக்கும் இருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஏக்கர் பரப்பிலான தொழிற்பூங்காவை உருவாக்க, பர்னெட் சாலையோரம் இருந்த வீடுகளை மாவட்டத்தின் தொழில் வளர்ச்சி முகமை ஒவ்வொன்றாக வாங்கியது. விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். எனினும், நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டையும் அண்டை வீட்டாரின் உறவையும் எந்த மதிப்பீட்டாளராலும் விலைப்படுத்த முடியாது. சுமார் 200 ஏக்கர் ஈரநிலம் நிரப்பப்படுகிறது; ஈடாக வேறிடங்களில் ஈரநிலங்களை உருவாக்க வேண்டும் என்பது நிபந்தனை. அழியும் நிலையிலுள்ள வௌவால் இனங்கள் அங்குள்ள மரங்களில் தங்குவதால், குளிர்கால மாதங்களில் மட்டுமே மரம் வெட்ட அனுமதி.

நான்கு ஆலைகளும் முழுமையாக இயங்கும்போது, நாளொன்றுக்கு 4.8 கோடி கேலன், அதாவது சுமார் 18 கோடி லிட்டர் நீர் தேவைப்படும் என மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஒன்டாரியோ ஏரியிலிருந்து அது கொண்டுவரப்படும். ஏரி பெரியது, நீருக்குப் பஞ்சமில்லை. பயன்படுத்திய நீர் எந்தத் தரத்தில் ஆற்றுக்குத் திரும்பும் என்பதே உண்மையான கேள்வி. அருகிலுள்ள ஒனண்டாகா ஏரி, பல்லாண்டுகள் கொட்டப்பட்ட தொழிற்கழிவால் நாட்டின் மிகவும் மாசடைந்த ஏரிகளுள் ஒன்றாகி, பெரும் பொருட்செலவில் தூய்மைப்படுத்தப்பட்டதை அம்மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய திட்டங்கள் பாதியில் நின்றுபோன வரலாறும் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் மவுன்ட் பிளசன்ட் என்னும் ஊரில், 1,000 கோடி டாலர் முதலீடு, 13 ஆயிரம் வேலைகள் என்று 2017-இல் ஃபாக்ஸ்கான் அறிவித்தது. வீடுகளும் விளைநிலங்களும் கையகப்படுத்தப்பட்டன. 2021-இல் அந்த ஒப்பந்தம் 67.2 கோடி டாலர், 1,454 வேலைகள் என்று சுருக்கப்பட்டது. கிளேயிலும் 2024-இல் தொடங்கும் என்று சொல்லப்பட்ட பணி 2026-க்குத் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் ஐடஹோவில் இரண்டாவது ஆலைக்கு நிறுவனம் முன்னுரிமை அளித்தது. மைக்ரானும் அப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. உலகெங்கும் நினைவகச் சிப்புகளுக்கான தேவை பெருகியிருப்பது திட்டத்துக்குச் சாதகமே. ஆனால், அத்துறை ஏற்றமும் வீழ்ச்சியும் மாறி மாறி வரும் துறை. இருபதாண்டு வாக்குறுதியை ஓராண்டின் சந்தை நிலவரத்தைக் கொண்டு அளக்கக் கூடாது.

அமெரிக்காவில் நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளிடம் இருக்கிறது. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் வயல் என்பதைக் கிளேயின் ஊர்மன்றமே வகுக்கிறது. அடுக்குமாடி வீடுகளை அனுமதிக்காமல், தனி வீடுகளுக்கு மட்டும் இடம் கொடுத்தால், வாடகை உயர்ந்து, ஆலையில் துப்புரவுப் பணி செய்பவர் தொலைவிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். எஞ்சியிருக்கும் வயல்களும் மனைகளாகிவிடும். சிரக்யூஸின் ஏழைக் குடும்பங்களுக்குப் பேருந்து வசதியும் தொழிற்பயிற்சியும் கிடைக்காவிட்டால், அரை நூற்றாண்டுக்கு முன் நெடுஞ்சாலை செய்த பிரிவினையை இந்த ஆலையும் செய்யும். சமூக மேம்பாட்டுக்கென உருவாக்கப்படும் 50 கோடி டாலர் நிதி யாரைச் சென்றடைகிறது என்பதே இதற்கான உரைகல்.

இது நமக்கும் அந்நியமான செய்தியன்று. இதே நிறுவனம் குஜராத் மாநிலம் சானந்தில், சிப்புகளை இணைத்துச் சோதிக்கும் 275 கோடி டாலர் திட்டத்தை 2023-இல் அறிவித்தது. அதில் 50 விழுக்காட்டை மத்திய அரசும், 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. இரு நாடுகளிலும் மக்களின் வரிப்பணமே முதலீட்டாளரை அழைத்து வருகிறது. அப்படியெனில், அந்த முதலீட்டின் கணக்கைக் கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு.

உருவாகும் வேலைகளின் எண்ணிக்கையோடு மானியத்தைப் பிணைப்பதும், வெளியேற்றப்படும் நீரின் தரத்தை உள்ளூர் மக்கள் அறியும்படி வெளியிடுவதும், எஞ்சிய விளைநிலங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிப்பதும் முதலீட்டுக்கு எதிரான செயல்கள் அல்ல. மவுன்ட் பிளசன்டில் ஒப்பந்தம் சுருங்கியபோது மானியமும் சுருங்கியதற்குக் காரணம், அதை எழுத்தில் பிணைத்திருந்ததுதான். அந்த ஊர் இழந்த வயல்களையும் வீடுகளையும் எந்த ஒப்பந்தத்தாலும் மீட்க முடியவில்லை. கிளே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இந்த இரண்டிலும் இருக்கிறது.