நெய்யாற்றுப் பக்கம் ஒரு நாள்



கேரளத்துப் பாறசாலைக்காரர்கள் பெட்ரோல் போடத் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கு வருகிறார்கள். களியக்காவிளைக்காரர்கள் லாட்டரிச் சீட்டு எடுக்கப் பாறசாலைப் பக்கம் போகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டது. போதாதா? லாட்டரியோ தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்தும் தொழில். எல்லைக் கோட்டை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. எது எந்தப் பக்கம் மலிவு, எது எந்தப் பக்கம் கிடைக்கும் என்பது மட்டும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பயணச் சிறப்பிதழ் என்றதும் லடாக், ஸ்பித்தி என்று படங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் ஒரு பைக்கும் ஒரு பகல் பொழுதும் மட்டும் கையில் இருப்பவர் எங்கே போவார்? அவருக்காகத்தான் இந்தப் பக்கம். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மார்த்தாண்டத்திலிருந்து கிளம்பி, பாறசாலை, நெய்யாற்றின்கரை சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஊடுவழிகளில் தனியாகச் சுற்றிவிட்டு வந்தேன்.

களியக்காவிளை வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை 66. பழைய ஆட்கள் இன்னும் 47 என்றுதான் சொல்கிறார்கள். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரைக்கும் இப்போது நாலு வழிப் புறவழிச்சாலை வந்துவிட்டது. அதன் தென்பகுதி முழுக்கக் கான்கிரீட். அதில் ஏறினால் பாறசாலை என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாமல் திருவனந்தபுரம் போய்ச் சேரலாம். அவசர வேலை இருப்பவர்கள் அப்படியே போகட்டும். நான் களியக்காவிளையில் டேங்கை நிரப்பிக்கொண்டு, பனச்சமூடு போகிற திசையில் வடக்கே திரும்பினேன்.

இந்த வட்டாரத்தின் தரை அமைப்பு பைக்குக்கென்றே செய்தது போலிருக்கும். மேட்டில் ரப்பர், சரிவில் தென்னையும் மரச்சீனியும், பள்ளத்தில் ஏலா என்னும் வயல்வெளி. முன்பு நெல் விளைந்த ஏலாக்களில் இப்போது பெரும்பாலும் வாழைதான். சாலை மேட்டோடு கொஞ்ச தூரம் ஓடும், பள்ளத்தில் விழும், ஒரு ஓடையைத் தாண்டும், மறுபடி ஏறும். இரண்டாவது கியரும் மூன்றாவது கியரும்தான் நாள் முழுக்க. நாற்பதுக்கு மேல் முள் போனால் வளைவில் எதிரே வருகிற பேருந்துக்கு வழிவிட இடம் இருக்காது. இருபுறமும் வெட்டுக்கல் சுவர்.

காலை ஆறரைக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் பாதி மரங்களை முடித்திருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி விளக்கை இன்னும் கழற்றாத ஒருவர், முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நூல் மாதிரி ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டார். கத்தியை மேலிருந்து கீழே சாய்வாக ஒரு ஓட்டு ஓட்டினார். பட்டை மெல்லிய சீவலாகச் சுருண்டு விழுந்தது. வெள்ளைக் கோடு ஒன்று மெதுவாக இறங்கிச் சிரட்டையில் முதல் சொட்டு விழும்போது அவர் அடுத்த மரத்துக்குப் போயிருந்தார். இதை நெடுஞ்சாலையிலிருந்து பார்க்க முடியாது. காரில் போனாலும் பார்க்க முடியாது. கண்ணாடியை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, கதவைத் திறப்பதற்குள் அவர் நாலு மரம் தள்ளிப் போயிருப்பார்.

காரக்கோணம் பக்கம் ஒரு சாயாக் கடை. பழம்பொரி அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. கடைக்காரப் பெரியவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டி எண்ணைப் பார்த்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான். கேஎல் 19 என்றால் பாறசாலை, கேஎல் 20 நெய்யாற்றின்கரை, டிஎன் 75 மார்த்தாண்டம். மூன்றும் கலந்து கடை வாசலில் நின்றன.

“ஒற்றைக்கா வந்தது?” என்றார்.

“ஆமா, சும்மா சுத்திப் பாக்க.”

“ஞங்க தெனமும் சுத்துதோம். மோளக் கெட்டிக் குடுத்தது பளுகல்ல. சைக்கிள் சவுட்டினா கால் மணிக்கூறு. ரேசன் கார்டு மட்டும் வேற ஸ்டேட்டு.”

பளுகல் தமிழ்நாடு, காரக்கோணம் கேரளம். மகள் வீட்டுக்குப் போகிற வழியில் மாநிலம் மாறுகிறது என்பதை அவர் ஒரு செய்தியாகவே நினைக்கவில்லை. அதே காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரியின் பெயர்ப் பலகையில் இருப்பதும் அப்படி எல்லை தாண்டிய பெயர்தான். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுக்களில் இருந்த டாக்டர் சோமர்வெல்லின் பெயர் அது. மலையிலிருந்து இறங்கியவர் லண்டனில் கிடைக்கக்கூடிய பெரிய வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டு, இப்போது குமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். அவர் வந்தபோது நெய்யூரும் காரக்கோணமும் ஒரே திருவிதாங்கூர்.

அந்த ஒரே நாட்டின் மேல் 1956 நவம்பர் 1 அன்று கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்த்துக் கேட்டது நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். கிடைக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதை இங்கே இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோடு விழுந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். கோட்டின் இருபக்கமும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, பெட்ரோலும் சீட்டும் வாங்கி மக்கள் அதைச் சமாளித்துவிட்டார்கள் என்றுதான் காலை முழுக்க எனக்குத் தோன்றியது.

பிறகு சானலைப் பார்த்தேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம், விளவங்கோடு வட்டத்தில், சாலைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் ஓடியது அது. ஓடியது என்பது பழக்கதோஷம். சிமெண்ட் கரை பெயர்ந்து, உள்ளே இடுப்பளவு புல். ஒரு மதகுப் பலகையில் எண் மட்டும் அழியாமல் இருந்தது. சானலுக்குள் இரண்டு ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். “மழ பெய்யணும்,” என்றார்.

நெய்யாறு இடதுகரைச் சானல் அது. அணைத் திட்டம் தொடங்கியபோது இரு பக்கமும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலம். விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் என்று திட்டத்திலேயே இருந்தது. மாநிலம் பிரிந்த பின்னும் பல ஆண்டுகள் தண்ணீர் வந்தது. 2004இல் நின்றது. நெய்யாறு முழுக்கத் தன் எல்லைக்குள் ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம். பாசனப் பரப்பு ஏற்கெனவே வகுத்தது, அது எங்கள் உரிமை என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. ஏலாவில் நெல் போய் வாழை வந்ததற்கும், வாழை போய் ரப்பர் வந்ததற்கும் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பெட்ரோலுக்கும் லாட்டரிக்கும் ஆள் நடந்து போகலாம். தண்ணீருக்கு அப்படிப் போக முடியாது. கோடு உண்மையில் வலிக்கிற இடம் இதுதான்.

வெள்ளறடைப் பக்கம் குருசுமலையும் காளிமலையும் பக்கத்துப் பக்கத்தில் எல்லையை ஒட்டி நிற்கின்றன. தவக்காலத்தில் ஒன்றுக்கும், பொங்கலுக்கும் விரதத்துக்கும் மற்றொன்றுக்கும் இரு மாநிலத்தாரும் ஏறுகிறார்கள். வெயில் ஏறிவிட்டதால் நான் அடிவாரத்தோடு திரும்பி, ஒற்றசேகரமங்கலம் வழியாக அருவிப்புறத்துக்கு இறங்கினேன்.

அருவிப்புறத்தை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். நெய்யாறு இங்கே பாறைகளுக்கு நடுவே குறுகி, சங்கரன்குழி என்ற ஆழத்தில் சுழல்கிறது. 1888 சிவராத்திரி இரவில் நாராயண குரு அந்த ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுத்தினார். பிரதிஷ்டை செய்யப் பிராமணருக்குத்தான் உரிமை என்றிருந்த நாட்டில் ஓர் ஈழவர் செய்த காரியம் அது. 1903இல் குருவின் பெயரிலான எஸ்.என்.டி.பி. யோகம் பிறந்ததும் இங்கே இருந்த கோயில் அமைப்பின் தொடர்ச்சியாகத்தான். தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்று: குரு தமிழிலும் பதிகங்கள் எழுதியவர், நம் மருத்துவாமலைக் குகையில் தவம் இருந்தவர். மருத்துவாமலைக்கும் அருவிப்புறத்துக்கும் இடையே அவர் நடந்து திரிந்த தூரத்தை ஒரு முறை வண்டியில் ஓட்டிப் பார்த்தாலே இடுப்பு சொல்லிவிடும்.

நெய்யாற்றின்கரை ஊருக்குள் நெரிசல். கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவின் அடிமரம் இருக்கிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் பலாமரப் பொந்து. 1729இல் திருவிதாங்கூர் அரசரானவர் பிற்பாடு இங்கே கோயில் கட்டினார். நெசவில் ஆர்வம் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் வடக்கே போய்ப் பாலராமபுரத்தில் சாலியர் தெருவின் குழித்தறிகளைப் பார்க்கலாம். அந்த நெசவாளர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். நான் தெற்கே திரும்பி, நெய்யாறு கடலில் சேரும் பூவாரைத் தொட்டு, பொழியூர் போய், நீரோடி, கொல்லங்கோடு, ஊரம்பு என்று சுற்றி மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தேன். பொழியூர் கேரளக் கடற்கரையின் தென்கோடி. நீரோடி தமிழகக் கடற்கரையின் மேற்குக் கோடி. இரண்டு ஊர் வள்ளங்களும் ஒரே கடலுக்குத்தான் போகின்றன.

தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. பின்னால் ஆள் இருந்தால் சாயாக் கடையில் பேச்சு அவரோடு போய்விடும். தனியாக இருந்தால் கடைக்காரரோடு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ரப்பர் இலை உதிரும் பருவமும் அதுதான். பனியில் நனைந்த இலை மேல் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஜூன் மழையில் வேண்டாம். கைபேசி வரைபடத்தை நம்பித் தோட்டத்து வழியில் இறங்கிவிடாமல், குருசடி பக்கத்தில் நிற்கிற யாரையாவது கேளுங்கள். கேரளத்தில் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம், கேமராக்களும் இருக்கின்றன. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழிலிருந்து வாசகர்களின் ஊடுவழிப் பயணங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். செங்கோட்டை, கம்பம், வாளையாறு, ஓசூர், ஊத்துக்கோட்டை என்று நமக்கு எல்லைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே இருக்கிற நீங்கள் ஒரு நாள் வண்டியை எடுத்துப் போய் வந்து எழுதுங்கள். படம் ஒன்று போதும். எந்தச் சாலை, எந்தத் திருப்பம், எந்தக் கடை, அந்தப் பக்கத்தில் எது மலிவு, உங்கள் ஊர்ச் சானலில் தண்ணீர் வருகிறதா என்பதையெல்லாம் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்