அம்மா போடும் 'கூட்டு' சட்டப்படி சரியா?

தீபாவளிக்கு முன், பள்ளி திறக்கும் முன், வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் கையில் மொத்தமாகக் காசு வேண்டும். வங்கிக்குப் போனால் சம்பள ஸ்லிப் கேட்பார்கள். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடையில் நாள்கூலிக்கு நிற்கும் ஓர் அக்காவிடம் அது எங்கே இருக்கும்? அதனால்தான் கூட்டு. உங்கள் வீட்டிலும் யாராவது போட்டிருக்கலாம், கேட்டுப் பாருங்க.

இந்தத் தமிழ்ச் சொல் மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது: 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதி (தடை) சட்டம். கூட்டு, சீட்டு, சீனர்களின் 'ஹுவேய்' எல்லாமே அதற்குள் வரும். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்தால் குற்றம். இதைக் கவனிப்பது மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம். தமிழ்நாட்டில் கதை வேறு. அங்கே 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து சீட்டு நடத்தலாம். ஆகவே ஊர் யூடியூப் ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்காதீங்க.

கூட்டு உடைந்தால் பணம் எங்கே?

பத்துப் பேர், மாதம் 200 ரிங்கிட். ஒவ்வொரு மாதமும் ஒருவர் 2,000 எடுக்கிறார். முதலில் எடுப்பவர் உண்மையில் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் கடன் கொடுக்கிறார். ஆறாம் மாத வசூலோடு நடத்தியவர் காணாமல் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் எடுக்காத ஐந்து பேருக்குத் தலா 1,200, மொத்தம் 6,000 ரிங்கிட் நஷ்டம். ஆனால் ஓடியவர் கையில் இருப்பது 2,000 மட்டும். மீதி 4,000? முன்பே எடுத்துவிட்டு, இனி கட்டத் தேவையில்லை என்று நிம்மதியாக இருக்கும் மற்ற ஐந்து பேரிடம். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள். போலீசுக்குப் போகத் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

அடுத்து ஆலோங்கிடம் போவதுதான் ஆபத்து. உரிமம் பெற்றவர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டிதான் வாங்கலாம். 1,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 180. 'மாதம் பத்து விழுக்காடு' என்று யாராவது சொன்னால் அது ஆண்டுக்கு 1,200.

உங்கள் மன்றம் வகுப்பு நடத்தப் போகிறதா?

பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே, கடன் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது. சிறுதொழில் தொடங்கும் பெண்களுக்கு 1987 முதல் அமானா இக்தியார் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாகத் தொழிலுக்கு.  அந்த இடைவெளியில்தான் கூட்டு உயிரோடு இருக்கிறது. இதைப் பேசாமல் பட்ஜெட் போடச் சொல்லித்தரும் வகுப்புக்கு அக்காமார்கள் இரண்டாவது வாரம் வரமாட்டார்கள்.

இரண்டு மொழி தெரிந்த நீங்கள் விளக்கலாம். ஆனால் 'இது சட்டவிரோதம்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எத்தனாவது மாசம் எடுக்கப் போறீங்க?" என்று முதலில் கேளுங்க.