சிறு கையில் வைத்த காசு



சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் இத்திங்கள் நம் பக்கத்திற்கு வந்துள்ளது. அவர் கணவர் பட்டு நெசவாளர். தலைப்பிள்ளை பெண், ஐப்பசியில் அதற்கு ஓராண்டு நிறைந்தது. காலையில் திருப்பலி, நண்பகலில் எளிய விருந்து. மறுநாள் எண்ணிப் பார்த்தபோது 8,600 ரூபாய் சேர்ந்திருந்தது. "அன்று எங்கள் வீட்டில் எழுந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை" என்கிறார் அத்தாய்.

மாமியார், பேத்திக்குத் தோடு வாங்கவேண்டும் என்கிறார். கணவரோ, "மழையில் தறிக்குழியில் நீர் ஊறி இரு வாரமாக நெசவு இல்லை. வட்டிக்கடன் கழுத்தை நெரிக்கிறது. மேலும் இது மொய்ப் பணம். நாளை நாமே திருப்பிச் செய்யவேண்டியது. ஆகவே இது வீட்டுப் பணம்" என்கிறார். தாயின் விருப்பம் மகள் பெயரில் அஞ்சலகத்தில் இட்டு வைப்பது. "அடுப்பு எரியாத வேளையில் சேமிப்பைப் பேசும் நான் கல்நெஞ்சக்காரியா?" என்ற வினாவோடு மடல் முடிகிறது.

இல்லை, அம்மா. மூவரும் குழந்தையின்மேல் அன்பு கொண்டே பேசுகிறீர்கள். ஆயினும் செலவா சேமிப்பா என்று கேட்குமுன், இது யாருடைய பணம் என்று கேட்கவேண்டும்.

உம் கணவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மொய் ஏட்டில் பெயரும் தொகையும் எழுதி வைத்த பணம் ஒரு வகையில் கைம்மாற்றே. கொடுத்தவர் வீட்டில் விசேடம் வரும்போது பெற்றோர்தாம் திருப்பிச் செய்யவேண்டும். ஓராண்டுக் குழந்தை செய்யாது. ஆகவே அதனை வீட்டுப் பணம் எனல் தகும். ஆனால் ஞானத்தாய் பிஞ்சு விரல்களை விரித்து வைத்த நோட்டும், பாட்டனார் சிறு சட்டைப்பையில் செருகிய நூறு ரூபாயும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவற்றைத் திருப்பிக் கேட்பார் இல்லை. அவை குழந்தையின் காசு. பெற்றோர் அதற்குக் காவலர் மட்டுமே. உம் கணக்குப்படி மொய் 5,500. குழந்தையின் கையில் வைத்தது 3,100. முதலில் இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்து வையுங்கள். வழக்கில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

மூவாயிரம் ரூபாய்க்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கலாம். உம் ஊரின் கதையை அறிந்தோர் நகையார். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் கோர்வை முறையை நீர் அறிவீர். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கரை நாடாவைத் தள்ளித்தர நெசவாளரின் பக்கத்தில் மற்றொருவர் அமர்வார். நெடுங்காலம் அந்த இரண்டாம் இடம் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரின் இடமாகவே இருந்தது. பெற்றோர் அவசரத்துக்கு முன்பணம் வாங்குவர். அது தீரும்வரை பிள்ளை தறியில் உழைக்கும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்தது. எனினும், 2003-ஆம் ஆண்டில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் உழலும் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றிருந்தது.

எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரில் எழுதப்பட்ட முதற்கணக்கு, கடன் கணக்காகவே இருந்தது. அப்பெற்றோர் பிள்ளைகளை வெறுத்தவர் அல்லர். நோயும் மழையும் திருமணச் செலவும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளின. அதனாற்றான் சொல்கிறோம்: உம் மகள் பெயரில் எழுதப்படும் முதற்கணக்கு வரவுக் கணக்காக இருக்கட்டும். தொகை சிறிதேனும் அதன் பொருள் பெரிது.

இனி, வட்டிக்கடன். இங்கே உம் கணவரின் கணக்கைத் தள்ளிவிட இயலாது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி கட்டும் வீடு, ஆண்டுக்கு எட்டு ரூபாய் வட்டிக்குச் சேமிப்பது நட்டமே. ஆகவே மொய்ப் பணம் 5,500-ஐக் கடனுக்கே கட்டுங்கள். அதுவும் போதாமல் குழந்தையின் காசையும் தொட நேர்ந்தால், மகளிடம் கடன் வாங்கியதாக எண்ணித் தொடுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு, தொகை எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். அடுத்த சேலை அறுத்துக் கூலி வந்ததும், முதற்கடனாக அதனை அடையுங்கள். பேசத் தெரியாத கடன்காரிக்கு நாணயத்தோடு திருப்பித் தரும் தந்தையைவிட நல்ல தந்தை யார்?

மாமியாரின் தோட்டையும் எண்ணிப் பார்ப்போம். பொன் நம் பெண்களின் பழைய காவல், அதனை இகழோம். ஆனால் மூவாயிரத்துக்கு இன்று கிடைப்பது பொன்துகள். அதிலும் செய்கூலி, சேதாரம் என ஒரு பங்கு கழியும். இடுக்கண் வந்தால் வீட்டிலிருந்து முதலில் அடகுக் கடைக்குப் போவதும் தோடுதான். பேத்திக்குத் தோடு வேண்டுமாயின், பாட்டியம்மா தம் அன்பளிப்பாக வேறொரு நாள் வாங்கட்டும். அது அவருக்கும் பெருமை.

அஞ்சலகத்தைப் பற்றிச் சில செய்திகள். நம் நாட்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இல் தொடங்கியது. 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளுக்காக 2015-இல் வந்த திட்டத்தை நாம் செல்வமகள் சேமிப்பு என்கிறோம். 250 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாயாக 15 ஆண்டுகள் கட்டவேண்டும். 21 ஆண்டில் முதிர்வடையும். 18 வயது நிறைந்தாலோ பத்தாம் வகுப்புத் தேறினாலோ, மேற்படிப்புக்காகப் பாதிவரை எடுக்கலாம். நடுவில் அவசரத்துக்கு எளிதில் எடுக்க இயலாது. அதனைக் குறையென்பார் உண்டு, நாம் காவல் என்போம். இதன் வட்டி 2024 ஜனவரியில் 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிப்பதால் வட்டி மாறக்கூடும். இதே வட்டி நீடித்தால், 3,100 ரூபாய் 21 ஆண்டில் ஏறத்தாழ 16,000 ஆகும். அதற்குள் விலைவாசியும் ஏறியிருக்கும் என்பதை மறைப்பானேன்? ஆகவே இந்த ஒரு தொகையால் கல்லூரிப் படிப்பு முடியாது. ஆண்டுதோறும் பிறந்தநாளில் இயன்றதைச் சேர்க்கும் பழக்கமே உண்மையான முதல். ஆண் குழந்தை உள்ளோர்க்குப் பொன்மகன் பொதுவைப்பு நிதி உண்டு.

சிறு தொகையைக் குறித்து நாணவேண்டா. கனடா நாட்டுக் குவிபெக் மாநிலத்தில் லெவி என்னும் ஊரில், அல்போன்சு தெசர்தேன் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர், கடும் வட்டியால் நலிந்தோருக்காக 1900-இல் ஒரு மக்கள் கூட்டுறவுச் சேமிப்பகத்தை நிறுவினார். 1901 ஜனவரியில் அது வாங்கிய முதல் வைப்பு வெறும் 10 காசு. இன்று அது அந்நாட்டின் மிகப்பெரிய கூட்டுறவு நிதி நிறுவனங்களுள் ஒன்று.

எனினும் சேமிப்பை ஒரு சிலையாக்கி வணங்கவும் வேண்டா. முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை உண்ணும் முட்டையும் பருப்பும் கீரையும் அதன் உடலுக்கும் மூளைக்கும் இடும் அடித்தளம். குழந்தை மெலிந்திருந்தால், மருந்து வேண்டியிருந்தால், அந்தக் காசைத் தயங்காது எடுங்கள். அது குழந்தையின் காசு குழந்தைக்கே செல்வது; செலவு எனினும் சேமிப்பே. ஒரு நூறு ரூபாயில் அண்டை வீட்டு ஏழைக் குழந்தைக்கும் ஒரு சட்டைத் துணி வாங்கலாம். தன் முதல் பிறந்தநாளிலேயே உம் மகள் ஈகையையும் கற்றவள் ஆவாள்.

உம் சின்ன காஞ்சிபுரத்தில்தான் 1909-இல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் அறிஞர் அண்ணா பிறந்தார். குடும்ப நெருக்கடியால் படிப்பை நிறுத்தி நகராட்சியில் எழுத்தராக இருந்தவர், மீண்டும் கற்று, 1967-இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக நிற்கிறது. தறி ஓடும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு தொலைவு போகலாம் என்பதற்கு உம் தெருக்களே சான்று.

ஆகவே, அம்மா, மழை விட்டதும் கணவரையும் உடன் அழைத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போங்கள். தனியே போகவேண்டா, அவர் அறியாமல் சேர்த்த பணம் வீட்டில் ஐயத்தை வளர்க்கும். பாட்டியம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரட்டும். கணக்கேட்டில் மகளின் பெயர் எழுதப்படுவதைக் கணவர் கண்ணாரக் காணட்டும். பிறகு அதைத் தொடவேண்டிய நாள் வந்தாலும், அவர் கை ஒருமுறை தயங்கும். அந்தத் தயக்கமே உம் மகளுக்கு நாம் வேண்டும் காவல்.

குழந்தை நீடு வாழ்க! அடுத்த திங்களில் சந்திப்போம்.