கம்பத்து வாழையும் தாயனூர் ஆய்வுக்கூடமும்

நல்ல வாழைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளையாக, நீர் கோத்து இருக்கும். வாடல் நோய் கண்ட மரத்தில் அந்த வெள்ளைக்குள் செந்நிறப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். நெடுக்கில் பிளந்தால் அதே புள்ளிகள் செம்பழுப்புக் கோடுகளாகக் கிழங்கிலிருந்து மேலே ஏறிப் போயிருக்கும். உத்தமபாளையம் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் ஜி9 வாழையின் அடி இலைகள் ஓரத்தில் மஞ்சளடித்து, மட்டை ஒடிந்து தண்டோடு தொங்கின. "பொட்டாஷ் பத்தலையோன்னு நெனச்சு மறுபடியும் வச்சேன் தம்பி, கேக்கல" என்றார். அரிவாளால் ஒன்றைச் சாய்த்துப் பிளந்த பிறகுதான் கோடுகள் தெரிந்தன. தார் தள்ளிய மரம் அது.

அது பனாமா வாடல் என்னும் பூஞ்சை நோய்தானா என்று தோட்டத்தில் நின்றுகொண்டு உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. கண்ணுக்குத் தெரிவது வாடல் மட்டுமே. எந்தப் பூஞ்சை, அதில் எந்த இனம் என்பதெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியவரும். ஆனால் அந்த மண்ணில் இனி என்ன நடலாம், எத்தனை வருடம் வாழையை மறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தவை. பனாமா வாடலை உண்டாக்கும் ஃபுசேரியம் என்ற பூஞ்சை, வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கக் கூடியது.

ஒரு காலத்தில் உலகச் சந்தையில் வாழைப்பழம் என்றாலே குரோ மிஷேல் என்ற ரகம்தான். மத்திய அமெரிக்காவின் பெருந்தோட்டங்களை இந்தப் பூஞ்சை தின்று தீர்த்ததால், 1950களிலும் 60களிலும் கம்பெனிகள் அந்த ரகத்தையே கைவிட்டுக் கேவண்டிஷுக்கு மாறின. குரோ மிஷேலைச் சாய்த்த முதல் இனப் பூஞ்சை கேவண்டிஷை ஒன்றும் செய்யாது என்பதுதான் அந்த மாற்றத்துக்கு அடிப்படை. நம் ரஸ்தாளியைக் காலங்காலமாக வாட்டுவதும் அந்த முதல் இனம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர் முதல் கூடலூர் வரை நிற்கும் ஜி9, கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் அது தப்பிக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்த இடம் நம் மாவட்டம். திருச்சி தாயனூரில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் ஆர். தங்கவேலுவும் எம். எம். முஸ்தபாவும் 2010-இல் ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டார்கள். முதல் இனத்தைச் சேர்ந்த, ஆனால் கேவண்டிஷையே தாக்கும் வீரியமுள்ள பூஞ்சை இந்தியாவில் இருப்பதாக வந்த முதல் பதிவு அது. அவர்கள் அதைக் கண்டது தேனி மாவட்டத்து வாழையில். வெளிநாட்டுத் தாவர நோயியலாளர்கள் தேனி என்ற பெயரை அறிந்திருந்தால், அது இந்தப் பதிவால்தான் இருக்கும். இங்கே வாழை வைக்கும் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? நான் பேசிப் பார்த்தவர்களில் யாரும் இல்லை. என்னை உறுத்துவது இதுதான்.

நாம் நடும் வாழைக்கு விதை இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஜி9-இல் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக இருப்பதால் விதை பிடிப்பதில்லை. கன்றிலிருந்து கன்று, அதிலிருந்து இன்னொரு கன்று. பள்ளத்தாக்கில் நிற்கும் அத்தனை ஜி9-ம் அநேகமாக ஒரே மரம்தான். ஒன்றைச் சாய்க்கத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாவற்றையும் சாய்க்கத் தெரியும்.

இந்தப் பூஞ்சையை அடையாளம் காணும் விதத்தைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அந்த வேலை செய்பவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது. நிறம் மாறிய நாரைத் தண்டிலிருந்து உரித்து, சுத்தமான காகிதத்தில் சுற்றி, நிழலில் காயவிட்டு அனுப்ப வேண்டும். பாலிதீன் பையில் ஈரத்தோடு கட்டினால் அழுகி, வேண்டாத பூஞ்சையெல்லாம் ஏறிவிடும். கூடத்தில் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாற்றில் டெக்ஸ்ட்ரோஸும் அகாரும் சேர்த்துத் தட்டில் ஊற்றி அதன்மேல் பூஞ்சையை வளர்ப்பார்கள். பிறகு ஒரே ஒரு வித்தைப் பிரித்தெடுத்து அதிலிருந்து தூய வளர்ப்பு. அதற்குப் பின் வருவதுதான் அழகான கட்டம். நைட்ரேட்டைச் செரிக்க முடியாத திரிபுகளை உண்டாக்கி, வெவ்வேறு பூஞ்சைகளின் திரிபுகளை ஒரே தட்டில் எதிரெதிரே வைப்பார்கள். தனியாக அவை மெலிந்துதான் படரும். இரண்டும் ஒரே கூட்டம் என்றால், இழைகள் சந்திக்கும் இடத்தில் இணைந்து, ஒன்றின் குறையை மற்றது நிரப்பி, அந்தக் கோட்டில் மட்டும் அடர்ந்து வெள்ளையாக எழும்பும். சேராதவை மெலிந்தபடியே கடந்து போகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான திரிபுகளை உலகெங்கும் உள்ள கூடங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து உதவுகின்றன. இது வாரக்கணக்கில் நடக்கிற வேலை. டிஎன்ஏவைப் பிரித்துப் பிசிஆர் கருவியில் வைத்துப் பார்ப்பதென்றால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆனால் எந்தத் துண்டைத் தேடுவது என்று கருவிக்குச் சொல்ல முடிவதே, முன்னால் சிலர் பொறுமையாகத் தட்டு தட்டாகப் பார்த்து வைத்ததால்தான்.

தாயனூர் மையம் 1993-இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான வாழை வகைகளை அங்கே நட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் விஞ்ஞானிகளும் முனைவர் பட்ட மாணவர்களும் மட்டும் இருப்பதில்லை. பூவின் மடலைப் பார்த்தே ரகம் சொல்லும் களப்பணியாளர்கள், தட்டு கழுவுபவர்கள், மண் சலிப்பவர்கள் என்று ஒரு ஊரே வேலை செய்தால்தான் ஒரு முடிவு வெளியே வரும். திசு வளர்ப்புக் கூடங்களில் பெரும்பாலும் பெண்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து, சுடரில் காய்ச்சிய கத்தியால் குருத்தைப் பிரித்துப் பிரித்துப் புட்டிக்குள் வைக்கிறார்கள். நம் தோட்டத்துக்கு வரும் ஒவ்வொரு திசுக் கன்றும் அந்தக் கைகளைத் தாண்டித்தான் வந்தது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "திசுக் கன்று வச்சா நோயே வராது" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அது சரியல்ல. சான்றளிக்கப்பட்ட கன்று முடிக்கொத்து முதலான வைரஸ்கள் இல்லை என்று சோதித்து வருவது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இலிருந்து அந்தச் சான்றிதழ் முறையை நடத்துகிறது. அது பெரிய பாதுகாப்பு. விருப்பாச்சி மலைவாழை முடிக்கொத்து நோயால் எப்படிக் குறைந்து போனது என்பதைப் பழனி மலைச் சரிவுகளில் நம் தலைமுறையே பார்த்துவிட்டது. ஆனால் வாடல் பூஞ்சை இருக்கும் மண்ணில் நட்டால், சுத்தமாக வந்த கன்றும் வாடும். துணைக்கு நல்ல நுண்ணுயிர் எதுவும் இல்லாமல் வருவதால் சில சமயம் முதலிலேயே வாடும். அதனால்தான் நடும்போதே டிரைக்கோடெர்மா போன்ற நல்ல நுண்ணுயிரை இடச் சொல்கிறார்கள்.

மேலும் ஒரு ஆபத்து வாசலில் நிற்கிறது. 1960களின் இறுதியில் தைவானில் தலைகாட்டிய வெப்பமண்டல நான்காம் இனம், கேவண்டிஷை வேரோடு சாய்ப்பது. 2019-இல் கொலம்பியாவுக்குப் போய்விட்டது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருக்கிறது. அதை எதிர்க்கும் மரபணுவைக் காட்டு வாழையிலிருந்து எடுத்துச் சேர்த்த கேவண்டிஷுக்கு ஆஸ்திரேலியா 2024-இல் ஒப்புதல் கொடுத்தது. குயின்ஸ்லாந்தில் ஜேம்ஸ் டேல் குழுவின் நெடுநாள் உழைப்பு அது. இங்கே அதை ஏற்பதா வேண்டாமா என்பது தனி விவாதம். அதற்கு முன்னால், வந்திருப்பது எந்த இனம் என்று தெரிய வேண்டும்.

தேனிக்காரர்களுக்கு ஆராய்ச்சி நிலையம் என்றதும் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம் ஞாபகம் வரும். மலையைக் குடைந்து அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அந்தத் திட்டம், வழக்கும் எதிர்ப்புமாக நின்றுபோனது. மலையைக் குடையத் திட்டமிடும் முன்பே மலையடிவாரத்து மக்களிடம் அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வாழை ஆராய்ச்சியில் ஆய்வாளருக்கும் மக்களுக்கும் நடுவே அந்தத் தூரம் இருக்க நியாயமே இல்லை. அவர்கள் ஆராய்வதே நம் தோட்டத்து மண்ணைத்தான்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை மடை மடையாக இறங்குகிறது. மேல்மடையில் வெட்டிய நோய்த் தண்டை வாய்க்காலில் தள்ளினால் பூஞ்சை கடைமடை வரை போகும். ஒருவர் மறைத்தால் பத்துப் பேர் இழப்பார்கள். ஆனால் மறைப்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோய்த் தோட்டம் என்று பெயர் விழுந்தால் வியாபாரி எட்டிப் பார்க்க மாட்டார், குத்தகைக்கும் ஆள் வராது.

பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த இரண்டில் ஏதோ ஓர் இடத்தில் வாழைக்கென்றே ஒரு பிசிஆர் கருவியும், பயிற்சி பெற்ற இரண்டு பேரும், மாதிரியை வாங்கி எண் போட்டு முடிவைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கும் ஒரு மேசையும் வேண்டும். தோட்டக்காரர் பெயரைச் சொல்லாமல், எந்த மடையில் எந்த இனம் என்று மட்டும் ஒவ்வொரு பருவமும் அறிவித்தால் போதும். அந்த மேசைக்கு முதலில் அழைக்க வேண்டியது தார் வெட்டும் ஆட்களை. ஒரே நாளில் பல தோட்டம் ஏறி இறங்குபவர்கள் அவர்கள். செருப்பு மண்ணோடும் அரிவாளோடும் நோயை அறியாமல் சுமப்பவர்களும் அவர்களே, எந்தத் தோப்பில் மரம் வாடுகிறது என்று மற்ற எல்லோருக்கும் முன்னால் பார்ப்பவர்களும் அவர்களே.