முதுகில் எழுதப்பட்ட நீதி

எய்ச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ 1997இல் மங்காவாகவும் 1999இல் அனிமேயாகவும் தொடங்கி, ஆயிரம் அத்தியாயங்களைக் கடந்தும் தொடர்கிறது. அதன் அறநோக்கைப் பேசுவோர் பலரும் ஒரே வாய்பாட்டை ஒப்பிக்கின்றனர்: தீயவர்களுக்கும் துயரமான கடந்தகாலம் உண்டு, ஆகவே நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான எல்லை மங்கிவிடுகிறது. இவ்வாசிப்பு தொடரைக் குறைத்து மதிப்பிடுகிறது. ‘ஒன் பீஸ்’ எல்லையை அழிக்கவில்லை. அதன் இருபுறமும் நிற்போர் மீது ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டுகளைத்தான் கிழிக்கிறது.

அக்கதையுலகில் ‘கடற்கொள்ளையர்’ என்பது செயலைச் சுட்டும் சொல்லாக மட்டும் இல்லை. உலக அரசு வழங்கும் தகுதிநிலையாகவும் இருக்கிறது. அலபாஸ்டா நாட்டைக் கவிழ்க்கச் சதிசெய்த குரோக்கடைல் அரசின் அங்கீகாரம் பெற்ற கொள்ளையர். அவரை வீழ்த்தியவன் லூஃபி. புகழோ கடற்படை அதிகாரி ஸ்மோக்கரின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது; தான் செய்யாத செயலுக்குக் கிடைத்த அப்பெருமை அவரையே கொதிப்படையச் செய்கிறது.

இச்சிக்கலின் உச்சம் ஒஹாரா. அத்தீவின் அறிஞர்கள் புரிந்த குற்றம் வாசிப்பு. வரலாற்றிலிருந்து நீக்கப்பட்ட நூறாண்டுகளைப் பற்றிய பழங்கல்வெட்டுகளை ஆராய்ந்தமைக்காகத் தீவே எரிக்கப்படுகிறது. பொதுமக்கள் தப்பிச்சென்ற கப்பலையும், அதில் அறிஞர் எவரேனும் ஒளிந்திருக்கலாம் என்ற ஐயத்தில், சகாஸுகி தகர்க்கிறார். எஞ்சிய எட்டு வயதுச் சிறுமி நிக்கோ ராபினின் தலைக்கு 7.9 கோடி பெர்ரி விலை வைக்கப்படுகிறது. போர்க்கப்பல்களை மூழ்கடித்தாள் என்பது அறிவிக்கப்பட்ட குற்றம். அந்த எழுத்தை வாசிக்க வல்லவள் என்பதே உண்மையான காரணம். அதே நாளில், அதே கடற்படையைச் சேர்ந்த குசான் அவளைத் தப்பவிடுகிறார். இருவரின் மேலங்கி முதுகிலும் ‘நீதி’ என்ற ஒரே சொல். அணிந்தவரின் கண்ணுக்கு மட்டும் படாத இடத்தில் அச்சொல் பொறிக்கப்பட்டிருப்பது மிகப் பொருத்தமானது.

அப்படியாயின் ஒடுக்கப்பட்டோர் செய்வதெல்லாம் நியாயமா? அங்கும் தொடர் எளிய விடை தருவதில்லை. மீன்மனிதர்களை மனிதர்கள் அடிமைகளாக விற்ற வரலாறு ஆர்லாங்கின் வன்மத்தை விளக்குகிறது. ஆனால் எட்டாண்டுகள் தன்னை அடிமைப்படுத்திய ஆர்லாங்கை மன்னிக்கும் கடமை நாமிக்கு இல்லை. ஆர்லாங்கைக் கட்டுப்படுத்தாமல் விட்ட ஜின்பே அவளிடம் மன்னிப்புக் கோரும்போது, மீன்மனிதர் அனைவரையும் வெறுக்க அவள் மறுக்கிறாள். ஆர்லாங் மீதான வெறுப்பை மட்டும் கைவிடுவதில்லை. மறுபுறம் ஹோடி ஜோன்ஸ். மனிதர்களால் எத்தீங்கும் அடையாதவன், முன்னோரின் பகையை மட்டும் உண்டு வளர்ந்தவன். காயத்தை அறிவது வேறு, செயலை ஏற்பது வேறு என்ற தெளிவு இம்மூவரையும் அடுத்தடுத்து நிறுத்துவதால் உருவாகிறது.

இத்தொடரிலும் குறை உண்டு. வான்டிராகன்கள் எனப்படும் ஆளும் உயர்குடியினருள் ஓரிருவர் தவிர ஏனையோர் கேலிச்சித்திரங்களாகவே எஞ்சுகின்றனர். கொடுமை சாதாரண முகத்தோடும் வரும் என்பதை அவர்களிடம் காட்டும் வாய்ப்பு நழுவிவிடுகிறது. ஒஹாராவை எரித்த கைகளை அத்தனை கூர்மையாக வரைந்த ஓடாவிடம் இக்குறை உறுத்தவே செய்கிறது.

ஆயினும் நாயகன் விஷயத்தில் தொடர் தடுமாறவில்லை. நாயகன் என்ற பட்டத்தையே லூஃபி மறுக்கிறான். நாயகர்கள் இறைச்சியைப் பிறருக்குப் பங்கிடுவார்களாம். அவனுக்கோ அதைத் தானே தின்ன வேண்டும். அதே லூஃபிதான் வானோ நாட்டில், தன் பசியை மறைத்துச் சோறிட்ட சிறுமி தாமாவிடம், நாள்தோறும் வயிறார உண்ணும் நாடாக அதை மாற்றித் தருவதாக வாக்களிக்கிறான். ஒருவர் முதுகில் எழுதியிருப்பதைக் கொண்டு அவரை மதிப்பிடும் பழக்கம் கதையுலகுக்கு மட்டும் உரியதன்று. அவரது கை என்ன செய்கிறது என்று பார்க்கும் பொறுமையே இத்தொடர் வாசகரிடம் கோருவது.