படுக்கையா, பளுவா?

‘இடுப்பு வலியா? பேசாமல் படுத்துக்கொள்’ என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? எனக்குப் பதினோரு மாத வலி. தைலம், ஒத்தடம், இடுப்புப் பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று வயது மகளைத் தூக்கப் பயம். “அம்மாவுக்கு முதுகு வலி” என்று அவளே வருகிறவர்களிடம் சொல்லப் பழகிவிட்டாள். வலியைவிட அதுதான் உறுத்தியது.

பிசியோதெரபிஸ்ட் எட்டுக் கிலோ கெட்டில்பெல்லை முன்னால் வைத்தார். “இடுப்பு ஒடிஞ்சு கிடக்கையில இரும்பு தூக்குறியாம்மா?” என்றார் மாமியார். நியாயமான கேள்விதான்.

பெல்ஜியத்தில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 38 பேரை இரு குழுக்களாகப் பிரித்து 12 வாரம் பயிற்சி தந்தார்கள். ஒரு குழுவுக்கு மிதமாக, மற்றதற்குக் கடுமையாக. வலி இரண்டிலும் குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனோ கடுமையாகப் பயின்றவர்களுக்கே அதிகம் கூடியது. சிறிய ஆய்வு, இதை வைத்து எல்லாரும் பளு தூக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நாம் நம்பிக் கட்டும் இடுப்புப் பட்டையை வேண்டாம் என்கிறது!

கடுமை என்றால் கண்மூடித்தனம் அல்ல. சைக்கிளில் ஒரு நிமிடம் மூச்சு வாங்க மிதிப்பேன், ஒரு நிமிடம் மெதுவாக. இப்படி ஐந்து முறை. பிறகு பளு. பன்னிரண்டு முறை தூக்கினால் கடைசி இரண்டும் திணற வேண்டும். சுலபமானால் எடை கூடும். முதல் இரண்டு வாரம் காலையில் எழும்போது மனத்துக்குள் அவரைத் திட்டினேன். பயிற்சியால் கூடும் வலி மறுநாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் தொடரலாம், இறங்காவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு.

ஏழாவது வாரம் மின்தூக்கி பழுது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினேன். வலி முழுதாகப் போகவில்லை. பயம் போய்விட்டது.

காலில் பலம் குறைவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது - இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். இவை இல்லாமல் வலி மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தால், பலதுறை மருந்தகத்தில் பிசியோதெரபிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.