இழுப்பதற்கு முன் யோசியுங்கள்

பொல்பிட்டியவில் ஆட்டோ ஓட்டுபவன் நான். எங்கள் மலை வீதிகளில் வாகனம் பள்ளத்தில் பாய்ந்தால், அம்பியூலன்சுக்கு முன்பே ஓடிவருவது பக்கத்து லயத்து ஆட்கள்தான். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவும் மனசு நம்மிடம் நிறைய உண்டு; பயிற்சிதான் இல்லை.

முதலில் பின்னால் வரும் வண்டிகளை மறியுங்கள். 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசம். தீப்பிடிக்கும் ஆபத்து இல்லாவிட்டால் காயப்பட்டவரை இழுக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே கைகாலை முடக்கிவிடும். தலையை அசையாமல் பிடியுங்கள். ரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். மயங்கியவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், மூச்சடைத்துவிடும்.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்டோ தரிப்பிடத்திலும் இந்த முதலுதவிப் பயிற்சியை அரசு கட்டாயமாக்க வேண்டும்.